நீலச் சட்டையில் ஒரு ஜன்னல்

வாயாடிக்கு,

சாப்பாட்டை மேசைமேல் மூடி வைத்திருக்கிறேன். வெறும் வயிற்றோடு ஊசிக்குப் போகாதே. அத்தை வந்து கூட்டிப்போவாள். கதவைப் பூட்டிச் சாவியை அவளிடமே கொடு, நீ தொலைத்துவிடுவாய்.

நீலச் சட்டையைப் போட்டுக்கொள். இடது தோளில் ஒரு சின்ன ஜன்னல் வைத்துத் தைத்திருக்கிறேன். பித்தானைக் கழற்றினால் ஊசி போடுகிற இடம் மட்டும்தான் தெரியும்.

போன தடவை நடந்ததை நினைத்தால் எனக்கும் மானம் போகிறது. "இந்த வயசுல சில பிள்ளைங்களுக்கு மயக்கம் வரும், கொஞ்ச நேரம் உட்கார வெச்சுப் பாத்துக்கங்க" என்று நர்சம்மா சொல்லி வாயை மூடுவதற்குள் நான் விழுந்தேன். உனக்கு வாங்கிய பழச்சாற்றை எனக்குப் புகட்டினார்கள். உன் வகுப்பே வரிசையில் நின்று வேடிக்கை பார்த்தது. நாளெல்லாம் ஊசியோடு புழங்குகிற தையல்காரன் நான், இதை யாரிடம் சொல்லி அழுவது?

"நீ கூட வந்தா நான் ஊசியே போட்டுக்க மாட்டேன்" என்று நேற்று கத்தினாய். கருப்பைவாய்ப் புற்றுநோய் வராமல் காக்கிற ஊசி அது, உனக்கு இந்த இரண்டாவதோடு முடிகிறது. அதில் விளையாடாதே. நான் உன்கூட வரவில்லை. உனக்கு முன்னாடியே போகிறேன்.

அப்பா

பி.கு.: ஊசி போடுகிற அறையில், மூலைக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பேன். நர்சம்மா சரி சொல்லிவிட்டார். படுத்திருக்கிறவன் விழ முடியாது. என்னைத் தெரிந்த மாதிரியே காட்டிக்கொள்ளாதே.

இன்னொன்று: போட்டு முடிந்ததும் ஒரு தடவை இருமு. அதுவரை கண்ணைத் திறக்க மாட்டேன்.