பூசணிக்காய் உடைக்கத் தகுந்தவர்

பீன்யா, பெங்களூரு
செப்டம்பர் 14

அன்பு மகள் அனுஷாவுக்கு அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்பளவில் சௌக்கியம். டப்ளின் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் காய்ச்சலில் படுத்துவிடாமல் இருக்க வேண்டும் என்பதே எங்கள் பிரார்த்தனை. அம்மாவுக்கு முட்டிவலி தேவலை, நீ அனுப்பிய ஸ்வெட்டரை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். போன் பண்ணினால் ஏன் இரண்டு வார்த்தையோடு அம்மாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள் என்று கேட்டாய். அவள் பக்கத்தில் இருக்கும்போது சொல்ல முடியாத விஷயம், அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் யூனியன் தலைவராகப் பன்னிரண்டு வருஷம் இருந்த முனிகிருஷ்ணனை உனக்குத் தெரியும், உன் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவன். அவன் பெண்டாட்டி மரகதத்தை விட்டுவிட்டு வேறொருத்தியோடு குடித்தனம் போனான். ஆயுத பூஜையன்று மெஷின்களுக்கு முன்னால் தலைவர்தான் பூசணிக்காய் உடைப்பது வழக்கம். போன வருஷம் பூஜைக்கு முந்தின கூட்டத்தில் நான் எழுந்து, கட்டியவளுக்கு உண்மையாக இல்லாதவன் நமக்குச் சோறு போடும் மெஷின் முன்னால் நிற்கலாமா என்று கேட்டேன். எல்லாரும் ஹௌது ஹௌது, ஆமாம் ஆமாம் என்று கைதட்டினார்கள். அவன் அங்கேயே பதவியையும் வேலையையும் ராஜினாமா செய்துவிட்டுப் போனான். அந்தக் கைதட்டல் எனக்கு இனித்தது, உன்னிடம் மறைப்பானேன்.

சாமிநாதனைத் தலைவராக்கினோம். பீடி, குடி கிடையாது, சனிக்கிழமை விரதம், அதிர்ந்து பேச மாட்டார். ஜூலையில் தகடு அழுத்தும் நாலாம் நம்பர் பிரஸ்ஸில் சென்சார் போய்விட்டது, கை உள்ளே இருந்தால் மெஷினை நிறுத்துவது அதுதான். முனிகிருஷ்ணனாக இருந்தால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு அதன் முன்னாலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவான், மேனேஜர் கத்தினாலும் எழுந்திருக்க மாட்டான். சாமிநாதன் மேனேஜரிடம் போய்ப் பணிவாகச் சொன்னார், அடுத்த வாரம் மாற்றுகிறோம் என்றார்கள், தன்னைப் போலவே மற்றவர்களும் சொன்ன சொல் காப்பார்கள் என்று நம்பித் திரும்பி வந்தார். ஐந்தாம் நாள் பரத்தின் வலது கையில் நாலு விரல் போய்விட்டது. பரத் வேறு யாருமில்லை, மரகதத்தின் கூடப்பிறந்த தம்பி.

ஆஸ்பத்திரியில் சாமிநாதன் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதார், அது நடிப்பில்லை. மரகதம் என்னைத் தனியாக வராந்தாவுக்குக் கூப்பிட்டாள். "அவரு எனக்குப் பண்ணது துரோகம்தாண்ணா, சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா எனக்காக அவர எறக்குங்கன்னு உங்ககிட்ட வந்து கேட்டேனா? அவரு இருந்திருந்தா அந்த மெஷின் ஓடியிருக்குமா?" என்றாள்.

அவன் வீட்டில் செய்தது சரி என்று இன்றைக்கும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் எங்களை ஒரு நாளும் அவன் கைவிட்டதில்லையே, அதை ஏன் நான் நினைத்துப் பார்க்கவில்லை என்றுதான் மனசு அரிக்கிறது. திரும்பி வா என்று கூப்பிடப் போனேன். அவனோடு இருக்கும் அந்தப் பெண்தான் கதவைத் திறந்தாள், அவர் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார் என்றாள். அடுத்த மாதம் பூஜை வருகிறது. இந்த வருஷம் தலைவருக்குப் பதில் நான்தான் உடைக்க வேண்டுமாம், பரத்துக்கு நடந்ததற்குப் பிறகு தனக்குத் தகுதியில்லை, முப்பத்திரண்டு வருஷம் ஒருத்தியோடு ஒழுங்காகக் குடும்பம் நடத்தியவர் நீங்கள் என்று சாமிநாதனே வந்து கேட்டுவிட்டுப் போனார். அம்மா பெருமையாக வேட்டிக்குக் கஞ்சி போட்டு வைத்திருக்கிறாள். என்னால் அந்த நாலாம் நம்பர் பக்கமே பார்க்க முடியவில்லை.

வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையோடு நீண்ட நாள் நன்றாக இரு. போன் பண்ணும்போது இதை அம்மாவிடம் பேசிவிடாதே. பரத்தின் கை போனது அவளுக்குத் தெரியும், போன வருஷக் கூட்டத்தில் எழுந்து முனிகிருஷ்ணனுக்கு எதிராகப் பேசியவன் யார் என்பது தெரியாது.

உன் அப்பா,
கோதண்டராமன்