முதல் எழுத்துக்கு யார் மடி

காஜா பெராங், மலாக்கா
9-10-1957

அன்பு மகள் கமலவேணிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உன் கடைக்குட்டித் தம்பி நடராஜனும் முருகன் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். நீ அங்கே பினாங்கில் வேளைக்குச் சாப்பிட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, மழையில் நனையாமல் நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்பித்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எண்ணெய் வைக்கிறாயோ இல்லையோ, கேட்டால் வைத்தேன் என்றுதான் சொல்லப் போகிறாய்.

உன் கடிதம் சரஸ்வதி பூசைக்கு முன்பே வந்துவிட்டது. பயிற்சி முடிந்ததும் கெடா பக்கம் ஏதாவது தோட்டத்துப் பள்ளிக்கூடம் கேட்கப் போகிறேன், நம் ஊர்ப் பள்ளிக்கூடம் வேண்டாம், அங்கே எல்லோரும் முதலில் என் வெறும் நெற்றியைத்தான் பார்ப்பார்கள் என்று எழுதியிருந்தாய். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை வேணி. மாப்பிள்ளை போய் இரண்டு வருஷமாகியும் உனக்கு இந்தப் பயம் போகவில்லையே என்று அழுதேன். அப்பாவிடம் கடிதத்தைக் காட்டினேன். படித்தார், மடித்தார், சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஷரீஃபுதீன் பாய் ஜவுளிக்கடைக்குத் தைக்கப் போய்விட்டார். தீபாவளித் துணி மலைபோலக் குவிந்து கிடக்கிறதாம். அவரைத்தான் உனக்குத் தெரியுமே, கல்லுப் பிள்ளையாராவது எப்போதாவது கனவில் வந்து ஒரு வார்த்தை சொல்வார்.

பள்ளிக்கூடத்து விஷயம் சொல்கிறேன் கேள். மெர்டேக்கா சுதந்திர நாளுக்குக் கட்டிய கொடித் தோரணம் வெயிலிலும் மழையிலும் வெளுத்துப்போய் இன்னும் வாசலில் தொங்குகிறது, யாருக்கும் கழற்ற மனசில்லை. அதன் மேலேயே மாவிலையும் கட்டி இந்த வருஷம் பூசையை நன்றாகவே செய்தோம். வழக்கம்போல ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு கைப்பிடி கடலை வாங்கி, எல்லாவற்றையும் ஒன்றாக ஊறப்போட்டு இரண்டு நாளும் ஒரே அண்டாவில் சுண்டல். சங்கடம் மறுநாள் விஜயதசமிக்குத்தான். ஜனவரியில் சேரப்போகிற பிள்ளைகளுக்கு அரிசியில் முதல் எழுத்து எழுதிவைப்பது நீ படித்த காலத்திலிருந்து தம்பிராஜா வாத்தியார்தானே. அவர் வேலையிலிருந்து ஓய்ந்து இந்தியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டார், புதுப் பெரிய வாத்தியார் இன்னும் வரவில்லை. மிச்சம் இருப்பதில் மூத்தவர் நம் ருக்மணி டீச்சர். அவருக்கும் உன்னைப் போலத்தான், சின்ன வயதிலேயே புருஷன் போய்விட்டான்.

பள்ளிக்கூடக் கமிட்டி கூடிப் பேசியது. ரப்பர் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி சுப்பையன்தான் தலைவர். அவர், டீச்சர் தங்கமானவர்தான், ஆனால் நல்ல காரியமாயிற்றே, பெற்றவர்கள் மனசு சங்கடப்படும், நானே உட்கார்ந்து எழுதிவைத்துவிடுகிறேன் என்றாராம். கமிட்டியில் இருக்கிற உன் அப்பா வாயைத் திறக்கவில்லை. வாயில் என்ன கொழுக்கட்டையா என்று வீட்டில் வைத்து நன்றாகக் கேட்டேன். ஜனவரியில் அதே பிள்ளைகளின் விரலை அதே டீச்சர் தினமும் பிடிக்கலாமாம், விஜயதசமிக்கு மட்டும் பிடிக்கக் கூடாதாம், இது எந்த ஊர் நியாயம்?

வியாழக்கிழமை காலையில் எல்லோரும் கூடிவிட்டோம். சுப்பையன் பட்டு அங்கவஸ்திரம் போட்டுப் பலகையில் உட்கார்ந்திருந்தார். தட்டில் அரிசி பரப்பியது, மஞ்சள் அரைத்தது, சிலேட்டுக்கெல்லாம் பொட்டு வைத்தது எல்லாம் டீச்சர். வைத்துவிட்டு ஒன்றாம் வகுப்பு வாசலோடு ஒதுங்கி நின்றுகொண்டார். பெற்றவள்தானே பிள்ளையைக் கொண்டுபோய் மடியில் உட்கார்த்தி வெற்றிலை கொடுக்க வேண்டும், கமிட்டிக்காரர் பெண்டாட்டி என்று என்னை முதலில் கூப்பிட்டார்கள். ஜனவரியில் சேரப்போகிற நடராஜனைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். அங்கே ஒதுங்கி நிற்பது டீச்சராகத் தெரியவில்லை வேணி, நீதான் நிற்பது போல இருந்தது. என் கால் நேராக அந்த வாசலுக்குப் போய்விட்டது. டீச்சருக்கு முகம் வெளிறிவிட்டது. “வேணாங்க அக்கா, நாளைக்குப் பிள்ளைக்கு ஒரு காய்ச்சல்னாலும் என்னையத்தான் சொல்வாங்க” என்று மெதுவாகச் சொன்னார்.

“நாளைக்கு எம்மகளும் இந்த வாசல்லதான் வந்து நிக்கணும். உட்காருங்க டீச்சர்” என்றேன். எல்லோருக்கும் கேட்கட்டும் என்றுதான் சொன்னேன்.

சுப்பையன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்போது உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா? ஆண்கள் பக்கத்திலிருந்து எழுந்து வந்தார், சுப்பையன் முன்னால் இருந்த அரிசித் தட்டை இரண்டு கையாலும் எடுத்தார், கொண்டுவந்து டீச்சர் முன்னால் வைத்துவிட்டுத் தன் இடத்துக்கே போய் உட்கார்ந்துகொண்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த மனுஷனை நினைத்து அன்றைக்குப் பெருமைப்பட்டது போல நான் என்றைக்கும் பட்டதில்லை. டீச்சர் விரலைப் பிடித்தார், நடராஜனுக்கு ‘அ’ நன்றாகவே வந்தது. பிறகு சுப்பையனுக்கு இன்னொரு தட்டு வைத்தார்கள். பாதிப் பேர் அவரிடம் போனார்கள், பாதிப் பேர் டீச்சரிடம் வந்தார்கள்.

மறுநாளே நடராஜனுக்கு வாந்தியும் காய்ச்சலும். பக்கத்து வீட்டு மருதமுத்து பெண்சாதி, பார்த்தியா என்பது போலத் தலையை ஆட்டினாள். பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் ஒரு நிமிஷம் அப்படித்தான் தோன்றியது. டாக்டரிடம் கொண்டுபோனால் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு என்ன சாப்பிட்டான் என்று கேட்டார். முந்தின நாள் யாருக்கும் தெரியாமல் அண்டாவுக்குப் பின்னால் உட்கார்ந்து மூன்று பேர் பங்குச் சுண்டலைத் தின்றிருக்கிறான் படுபாவி. சாயங்காலம் டீச்சர் நம் வீட்டு வேலியோடு வந்து நின்றார், உள்ளே வரவில்லை. கையைப் பிடித்து இழுத்துவந்து அவன் பக்கத்தில் உட்கார வைத்தேன். இப்போது எழுந்து ஓடிக்கொண்டிருக்கிறான், நீ கவலைப்படாதே. சுப்பையன் மட்டும் அப்பாவைப் பார்த்தால் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுகிறார்.

ஊர் மாறிவிட்டது என்று பொய் எழுதி உன்னைக் கூப்பிடவில்லை வேணி. பாதிதான் மாறியிருக்கிறது, மிச்சப் பாதி உன் நெற்றியைப் பார்க்கத்தான் செய்யும். கெடாவில் மட்டும் பார்க்க மாட்டார்களா, அங்கேயும் நம் ஜனம்தானே? அங்கே யாராவது ஒரு சொல் சொல்லிவிட்டால் ராத்திரி தனியாக அழுதுவிட்டுக் காலையில் பள்ளிக்கூடம் போவாய். இங்கே சொன்னால் அவர்கள் என்னைத் தாண்டித்தான் உன்னிடம் வர வேண்டும்.

தீபாவளிக்கு லீவு கிடைக்காது என்று எழுதியிருந்தாய். முறுக்கும் அதிரசமும் டின்னில் அடைத்து அனுப்புகிறேன், கூடப் படிக்கிற பிள்ளைகளுக்கும் கொடு. எண்ணெய் தேய்த்துக் குளி, புதுச் சேலை கட்டு, வெள்ளைதான் கட்ட வேண்டும் என்று எவளாவது சொன்னால் என் அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல். நீ நோய் நொடி இல்லாமல், நாலு பேர் வணங்குகிற டீச்சராக நூறு வயது வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். அப்பாவிடம் ஏதாவது எழுத வேண்டுமா என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்று சைக்கிளை எடுத்தவர், தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து, “வரச் சொல்லு” என்றார்.

எந்த ஊர் வேண்டும் என்று கேட்கும்போது மறக்காமல் மலாக்கா என்று எழுது.

உன்னைப் பெற்றவள்,
க. சாரதாம்பாள்