குறைத்துப் போட்ட ஆறு மார்க்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் இங்கே சௌக்கியமாக இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போய் வருகிறாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று அம்மா கேட்டாள். போனில் நான் ஆரம்பித்தால் நீ நடுவிலேயே பரவாயில்லப்பா என்று சொல்லிவிடுவாய், அதைக் கேட்டதும் நானும் சௌகரியமாக நிறுத்திக்கொள்வேன், அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, மாடிப்படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டுகிறாள், லிஃப்ட் இல்லாத வீட்டைப் பார்த்துப் பிடித்தது நான்தானாம். மேல்வீட்டுத் தையற்காரர் புது மெஷின் வாங்கியிருக்கிறார், மத்தியானம் முழுக்க எங்கள் தலைக்கு மேல் ரயில் ஓடுகிறது. மற்றபடி புதிதாக ஒன்றுமில்லை. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை நீ சிரித்துக்கொண்டே சொன்ன விஷயம் என்னைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருக்கிறது. உங்கள் ஆபீசில் வருடாந்திர மதிப்பீட்டுப் படிவத்தில் அவரவர் வேலைக்கு அவரவரே ஐந்துக்கு எத்தனை என்று போட வேண்டுமாம், நீ எல்லாவற்றுக்கும் இரண்டு போட்டாயாம். உங்கள் மேலாளர் கூப்பிட்டு, மற்றவர்கள் எல்லாரும் நாலும் ஐந்தும் போட்டிருக்கும்போது இதை வைத்துக்கொண்டு உன்னை எப்படிக் குழுத்தலைவர் பதவிக்குச் சிபாரிசு செய்வது, மாதக் கடைசிக்குள் மாற்றிக் கொடு, இல்லாவிட்டால் அது இன்னொருவருக்குத்தான் போகும் என்றாராம். நீ அதைச் சொல்லிவிட்டு, நானே எனக்கு நாலு போட்டுக்கறது அசிங்கமா இருக்காதாப்பா என்று கேட்டாய். நான் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

நம் சாப்பாட்டு மேசையின் மூலையில் அந்தச் சிவப்பு மைக் கறை இன்னும் இருக்கிறது. அம்மா எத்தனையோ முறை தேய்த்துப் பார்த்துவிட்டாள், அது போகாதது எனக்கென்னவோ சந்தோஷம்தான். பரீட்சை முடிந்ததும் விடைத்தாள் கட்டுகளை அந்த மேசையில்தான் பரப்புவேன், நீ எதிரே உட்கார்ந்து வரிசை எண்படி அடுக்கிக் கொடுப்பாய், நூல் அவிழ்ந்த தாள்களைக் கோத்துக் கட்டுவாய், உன் தாள் வந்தால் மட்டும் பார்க்காத மாதிரி அடியில் தள்ளிவிடுவாய். சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது, மேசையைக் காலி செய்யுங்கள் என்று அம்மா கரண்டியோடு வந்து நிற்பாள். பள்ளிக்கூட வாசல் வரை அப்பா, உள்ளே போனால் சார் என்று உனக்குச் சட்டம் போட்டவன் நான், ஒருநாள் சாப்பிடும்போது நீ வாய் தவறி, சார் தண்ணி குடுங்க என்றாய், அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அந்தச் சாயங்காலங்களை மாதிரி நிறைவான பொழுது எனக்கு அப்புறம் வாய்க்கவே இல்லை, அவற்றில் ஒன்றைத்தான் நானே கெடுத்தேன்.

நீ பத்தாம் வகுப்பில் என்னிடம் கணக்குப் படித்தபோது, காலாண்டுப் பரீட்சையில் நீதான் முதல். ஆசிரியர் அறையில் நம் ஓவிய ஆசிரியர், யார் வரைந்ததையும் அழிக்கச் சொல்வதால் நீங்களெல்லாம் ரப்பர் சார் என்று பட்டம் வைத்தீர்களே அவர்தான், சாப்பாடும் வீட்டுல மார்க்கும் வீட்டுலயா சார் என்று ஒரு வார்த்தை விட்டுவிட்டுப் போனார். விளையாட்டாகத்தான் சொன்னார், அடுத்த நிமிடம் மறந்தும் போயிருப்பார், எனக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. அரையாண்டுத் தாளைத் திருத்திக் கூட்டினேன், தொண்ணூற்றாறு வந்தது, மறுபடி கூட்டினேன், அப்போதும் தொண்ணூற்றாறுதான். வடிவியல் கணக்கு ஒன்றை நான் பலகையில் போட்ட வழியில் போடாமல் நீயாக ஒரு வழி கண்டுபிடித்து நாலே வரியில் நிரூபித்திருந்தாய். வேறு பிள்ளை அப்படிச் செய்திருந்தால் வகுப்பில் எழுப்பி நிறுத்தி எல்லாரையும் கைதட்டச் சொல்லியிருப்பேன். உனக்கோ, படிகள் போதவில்லை என்று ஓரத்தில் எழுதி ஆறைக் கழித்தேன். கணக்குப் பரிசு தொண்ணூற்று மூன்று எடுத்த பிள்ளைக்குப் போனது. அன்று சாயங்காலம் நீ தாளைக் கொண்டுவந்து, எங்கப்பா தப்பு என்று கேட்டாய், தப்பில்ல, இன்னும் நல்லாப் போட்டிருக்கலாம் என்றேன். நீ அழவில்லை, சண்டைக்கும் வரவில்லை. அடுத்த வாரம் உன் வீட்டுப்பாடத்தை நீயே திருத்தி, பத்துக்கு ஏழு என்று போட்டு என்னிடம் நீட்டினாய். நோட்டில் ஒரு தப்புகூட இல்லை. என் பெண் எவ்வளவு நேர்மை என்று நான் பூரித்துப் போனேன் பார், அதை நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. முந்தாநாள்தான் இதை அம்மாவிடம் சொன்னேன், அவள் காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு, நீங்கள்லாம் ஒரு வாத்தியாரா என்று கேட்டாள்.

உன்னிடம் மறைத்த இன்னொன்றும் இருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகு எனக்கு எதிலும் பிடிப்பில்லாமல் போய்விட்டது, பேப்பர் வந்தால் பிரிக்காமலே கிடக்கும், சவரம் செய்யக்கூடச் சோம்பலாக இருக்கும், நீ போன் செய்தால் மட்டும் குரலைச் சரிசெய்துகொண்டு பேசுவேன். அம்மா பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு மனநல ஆலோசகரிடம் இழுத்துக்கொண்டு போனாள், உன் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் மனம் சோர்ந்து இருந்தீர்கள் என்கிற மாதிரி ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை ஒரு எண்ணை வட்டமிட வேண்டும். நான் ஒன்பதுக்கும் பூஜ்யத்தை வட்டமிட்டுக் கொடுத்துவிட்டு, எவ்வளவு எடுத்தால் பாஸ் என்று வேறு கேட்டேன். அந்தப் பெண் சிரித்துவிட்டு, இதுல பாஸ் ஃபெயில்லாம் இல்ல சார், உங்க வீட்டம்மா சொல்றதைப் பார்த்தா நீங்க எல்லாத்தையும் குறைச்சுப் போட்டிருக்கீங்க, குறைச்சுப் போட்டாலும் பொய்தானே என்றார். முப்பத்தோரு வருடம் அதிகமாகப் போடுவது மட்டும்தான் பொய் என்று நினைத்துக்கொண்டிருந்த ஆள் நான். இன்னொரு தாள் வாங்கி உள்ளதை உள்ளபடி போட்டேன், பதினைந்து வந்தது. நாலு மாதமாக வாரம் ஒருமுறை போய்ப் பேசிவிட்டு வருகிறேன், இப்போது பேப்பர் படிக்கிறேன், சவரமும் செய்கிறேன், நிஜமாகவே தேவலை, நீ பயப்படாதே.

இந்தக் கடிதம் வந்து சேரப் பத்து நாள் ஆகும், அதற்குப் பிறகும் உனக்கு நாலு நாள் கெடு இருக்கும், எண்ணிப் பார்த்துத்தான் எழுதுகிறேன். அந்தக் குழுவில் யார் லீவு போட்டாலும் அவர்கள் வேலையும் உன் தலையில்தான் விழுகிறது, புதிதாகச் சேர்ந்த மூன்று பேருக்குக் கற்றுக்கொடுத்தவள் நீ, போன வருடம் எல்லாரும் கைவிட்ட வேலையைத் தனியாக உட்கார்ந்து முடித்துக் கொடுத்தவள் நீ. இதெல்லாம் நீயே போனில் பேச்சோடு பேச்சாகச் சொன்னதுதான், பெருமையாகச் சொல்லத் தெரியாமல் சொன்னாய். முன்பின் தெரியாத ஒரு பெண் இத்தனையும் செய்திருந்தால் அவளுக்கு நீ என்ன போடுவாயோ அதை உனக்குப் போடு. அந்தப் பதவி வந்தாலும் வராவிட்டாலும் எங்களுக்கு நீ ஒன்றுதான், ஆனால் உன் கையாலேயே அதைத் தள்ளிவிடாதே. அந்தக் கை என்னிடம் படித்த கை. என்னை மன்னித்துக்கொள் மகளே.

எந்தக் குறையும் இல்லாமல் நீ நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம். படிவத்தைக் கொடுத்ததும், கொடுத்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை போனில் சொல். எவ்வளவு போட்டாய் என்று மட்டும் சொல்லாதே, சொன்னால் பழக்க தோஷத்தில் ஒன்றைக் கழித்துத்தான் காதில் வாங்குவேன்.

உன்மேல் தீராத அன்போடு,
அப்பா