தண்டல் கணக்கில் வீட்டுக் கடன்

3.8.2009, திங்கள்
புழுக்கம். மழை வருகிற மாதிரி காட்டி ஏமாற்றுகிறது. முதுநகரிலிருந்து சிதம்பரம் ஸ்கூல் வரை பஸ்ஸில் நின்றபடியே. கால் வீக்கம். துவரம் பருப்பு, சோப்பு வாங்கணும். எட்டாம் வகுப்பு கணக்குப் பேப்பர் இன்னும் திருத்தவில்லை.

இவருக்கு மறுபடி இருமல். கெமிக்கல் கம்பெனிக்குப் போன நாளிலிருந்து இதே பாடு. அந்தக் காற்றே ஆகாது, வேலையை விடுங்கள் என்று டாக்டர் சொல்லியாயிற்று. ஊரில் இவர் பங்கு நிலம் விற்று நாலு லட்சம் வந்திருக்கிறது. அதைக் கட்டி வீட்டுக் கடனை முடித்துவிட்டு வேலையை விடப்போகிறாராம்.

"ஆறு லட்சம் வாங்கனோம். மூணு வருஷத்துல ரெண்டு லட்சத்துக்கு மேல கட்டியாச்சு. மீதி நாலுக்குள்ளதான் நிக்கும். வேணுன்னா நீயே கழிச்சுப் பாரு."

கழித்துப் பார்க்கவில்லை. மனசு அவ்வளவு லேசாக இருந்தது.

5.8, புதன்
மதிய இடைவேளையில் பேங்க். கடனை முடிக்க எவ்வளவு என்று கேட்டேன். ஐந்து லட்சத்து அறுபத்தொன்பதாயிரம். திரும்பக் கேட்டேன். அதேதான்.

"தவணையில மொதல்ல வட்டிய எடுத்துக்குவோம் மேடம். மிச்சம்தான் அசல்ல கழியும்."

ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். ஆறு லட்சத்துக்கு வருஷம் பத்தரை சதவீத வட்டி. ஒரு மாச வட்டி மட்டும் 5,250. தவணை 5,990. ஆக முதல் மாசம் அசலில் கழிந்தது 740 ரூபாய்! அடுத்த மாச வட்டி மீதிக்கு மட்டும், அதனால் ஆறேழு ரூபாய் கம்மி. அசல் அப்படித்தான் நகரும். மூணு வருஷம் கட்டி, இப்போதுதான் மாசம் ஆயிரம் கழிகிறது.

இவர் ஆட்டோ ஓட்டின காலத்தில் தண்டல் வாங்கிப் பழக்கம். தண்டல்காரர் வட்டியை முன்னாலேயே பிடித்துக்கொண்டுதான் பணம் தருவார். அப்புறம் தினம் கட்டுகிற நூறும் கடனில் முழுசாகக் கழியும். பேங்குக்கும் அதே கணக்கைப் போட்டிருக்கிறார் மனுஷன். எரிச்சல். பெரிய கணக்கு டீச்சர், நானும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

இன்று சொல்லவில்லை. தூங்கிவிட்டார், பாவம்.

8.8, சனி
சொல்லிவிட்டேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"அப்ப கட்டனதெல்லாம் எங்க போச்சு?"

"வட்டிக்குப் போச்சு மாமா."

"நான் சூப்பர்வைசர் கிட்ட சொல்லிட்டேனே, இந்த மாசத்தோட நின்னுக்கறேன்னு."

நாலு லட்சத்தையும் அசலில் கட்டி, தவணையைக் குறைக்காமல் கட்டினால் மூணு வருஷத்துக்குள் முடியும். இல்லையென்றால் இன்னும் பதினேழு வருஷம். இதைச் சொன்னதும் முகம் தெளிந்துவிட்டது அவருக்கு.

"மூணு வருஷம்தானே? பல்லக் கடிச்சுக்கினு கம்பெனிலயே ஓட்டிடறேன். சூப்பர்வைசர் கிட்ட பேசிக்கறேன்." அதற்குள் இருமல். தண்ணீர் கொடுத்தேன்.

என் சம்பளம் ஆறரை ஆயிரம். தவணை போக ஐநூறு மிஞ்சும். இவர் வேலையை விட்டு வாடகை ஆட்டோ எடுத்தால் தினம் என்ன நிற்கும்? தெரியவில்லை. டியூஷன் இரண்டு பேட்ச்? முடியுமா? உடம்பு கேட்குமா? அலுப்பாக இருக்கிறது. அழக்கூடத் தெம்பில்லை.

9.8, ஞாயிறு
மீன் வாங்கவில்லை. ரசம், அப்பளம்.

மதிய ஷிஃப்ட். யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"டிபன் எங்க?"

"கட்டல."

"ஏன்?"

"போவ வேணாம். தவணைய என் சம்பளத்துல கட்டிக்கலாம்."

"சோத்துக்கு?"

"நீங்க ஆட்டோ ஓட்டுங்க. நான் டியூஷன் எடுக்கறேன். கம்மியா தின்னுக்கலாம் மாமா. மூணு வருஷம் அந்தக் காத்த குடிச்சீங்கன்னா, அப்பறம் வீடு இருக்கும், நீங்க இருக்க மாட்டீங்க."

ஷூவைப் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார். கம்பெனி பஸ் முனையில் நின்று இரண்டு தரம் ஹாரன் அடித்தது. எழுந்திருக்கவில்லை. போய்விட்டது.