ஆலிவ் பறித்து முடியட்டும்

அக்டோபர் 6, திங்கள்

நான்காம் ஆண்டு மருத்துவ மாணவர்களுக்கு நான் எழுதும் ‘கெட்ட செய்தி சொல்லுதல்’ பாடத்திட்டம் ஏறக்குறைய தயார். முதல் விதி: நோயை முதலில் நோயாளியிடம்தான் சொல்ல வேண்டும். பாடத்திட்டக் குழுத் தலைவி முந்தஹா சிரித்தாள். “எழுதுறது நல்லாத்தான் இருக்குடி. நம்ம இர்பித் நகரத்துல எந்த டாக்டர் மூத்த பையனை விட்டுட்டுப் பெரியவர்கிட்ட நேராப் பேசுறார்? ஒருத்தரைக் காட்டு.”

அக்டோபர் 9, வியாழன்

வகுப்பில் ஒத்திகை. ஒரு மாணவி நோயாளி, ஒரு மாணவன் அவள் மகன். மருத்துவராக நடித்த ஸுஹைப் நாற்காலியை மகன் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டான். நோயாளி கையைத் தூக்கினாள். “டாக்டர், நான் இன்னும் சாகலை!” வகுப்பே சிரித்தது. ஸுஹைபுக்கு மதிப்பெண் குறைத்தேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

அப்பாவின் சோதனை முடிவு வந்தது. நுரையீரலில் புற்று. டாக்டர் அதை வராந்தாவில் காலிப் அண்ணனிடம் சொன்னார். நானும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டேன்.

காரில் அண்ணன்: “சளி கட்டியிருக்குன்னு அப்பாகிட்ட சொல்லிட்டேன். உன் பாடத்தைக் காலேஜோட வச்சுக்க. அவர் ஒடிஞ்சுபோயிடுவார்.”

ஸுஹைபுக்கு மதிப்பெண் குறைக்க நான் யார்?

அக்டோபர் 15

வகுப்பு எடுத்தேன். என்ன எடுத்தேன் என்று நினைவில்லை.

அக்டோபர் 17, வெள்ளி

சொந்த ஊர் அஜ்லூனில், அப்பா வீட்டில். தொழுகை முடிந்து வந்த அப்பா, ஆலிவ் மரத்தடியில் விரிக்கும் துணியைத் தைத்துக்கொண்டிருந்தார். பாடத்தில் நான் எழுதிய வாக்கியம் ஒன்றும் வாயில் வரவில்லை.

“அப்பா... சோதனை முடிவு வந்திருக்கு. சொல்லட்டுமா?”

ஊசி நிற்கவில்லை. “சொன்னா, இந்த வருஷம் என்னைப் பறிக்க விடுவீங்களாம்மா?”

“மாட்டோம்.”

“அப்ப பறிச்சு முடியட்டும். நானே கேக்குறேன். அப்ப மழுப்பக் கூடாது. உன் அண்ணனுக்கு மழுப்பவும் தெரியலை, பாவம். செவ்வாய்க்கிழமையிலேர்ந்து என் முகத்தையே பாக்க மாட்டேங்கிறான்.”

அக்டோபர் 20, திங்கள்

சிகிச்சை நவம்பரில்தான் தொடங்கும், அதுவரை அப்பாவிடம் சொல்லாமல் பொறுக்கலாம் என்றார் டாக்டர்.

முதல் விதியை அடித்துவிட்டு எழுதினேன்: என்ன தெரிய வேண்டும், எப்போது, யார் கூட இருக்க வேண்டும் என்று நோயாளியிடம் கேள். பிறகு காத்திரு.

“காத்திருக்கிறதுக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்கட்டும்?” என்றாள் முந்தஹா.

தெரியவில்லை என்றேன். இந்த முறை அவள் சிரிக்கவில்லை. பாடத்திட்டத்தில் கையெழுத்துப் போட்டாள்.

நவம்பர் 1, சனி

கடைசி ஆலிவ் மூட்டையும் செக்கில் ஆட்டியாகிவிட்டது. ஏணியின் கீழ்ப்படியில் நின்றே அப்பா பாதி மரங்களின் காய்களைப் பறித்துவிட்டார். புது எண்ணெயில் ரொட்டியைத் தொட்டுத் தின்றார். “தொண்டையில நல்லாக் காரமா இறங்குது.” கை கழுவினார். அண்ணனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து, அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இப்ப சொல்லும்மா.”

நாற்காலியை அப்பா பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.