நகராத சைக்கிள்

மார்ச் 4, செவ்வாய்

இன்று முழுக்க ஒரு ஹோட்டலுக்கான திரைச்சீலைகள். கனத்த துணி, அதற்கு உள்துணி வேறு. உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை. உட்கார்ந்து தைப்பதுதான் என் பிழைப்பு. அதனால்தான் இந்த உடம்பு என்று கிட்னி டாக்டர் நேற்று பூசி மெழுகாமல் சொல்லிவிட்டார். "ரத்தம் பொருந்துது, மத்ததெல்லாம் பொருந்துது. எடையும் பிரஷரும்தான் இடிக்குது. எட்டு கிலோ குறைச்சுட்டு வாங்க, உங்க கிட்னியை எடுத்துத் தம்பிக்கு வைக்கலாம்." ஏப்ரல் கடைசி வரை நேரம் கொடுத்திருக்கிறார்.

தம்பி ஆஸ்பத்திரி வாசலிலேயே ஆரம்பித்துவிட்டான். "அக்கா, உள்ள இருக்கிறது எனக்கு வேணும். வெளிய இருக்கிறதுதான் தடை." அவன் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன். இரண்டு வருஷமாக அந்த வேலை இல்லை, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ்தான் வேலை. வாய் மட்டும் இன்னும் ரிட்டயர் ஆகவில்லை. அவன் கல்யாணமே பண்ணிக்கொள்ளவில்லை, எனக்கு ஆகி முடிந்தும் போனது. இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

எட்டு கிலோ. அதை எங்கே கொண்டுபோய்ப் போடுவது?

மார்ச் 7, வெள்ளி

நான் தைக்கும் கடைக்கு எதிர் மாடியில் சைக்கிள் கிளாஸ் நடக்கிறது. அறைக்குள்ளேயே, நின்ற இடத்திலேயே ஓட்டுவது. முட்டி கெடாது, எடை சீக்கிரம் இறங்கும் என்று முதலாளியம்மா சொன்னார்கள். சாயங்காலம் போனேன். கண்ணாடிக் கதவு வரைக்கும். உள்ளே எல்லோரும் எலும்பும் தோலுமாக இருக்கிறார்கள். இவர்களுக்குக் குறைக்க என்ன இருக்கிறது? திரும்பி வந்துவிட்டேன். இன்று கிளாஸ் லீவாம் என்று தம்பியிடம் சொல்லிவைத்தேன்.

மார்ச் 8, சனி

தம்பி கூடவே வந்துவிட்டான், பள்ளிக்கூடத்தில் பிள்ளையை விட வந்தவன் மாதிரி. "லீவு விட்ட இடத்தைக் காட்டு பார்க்கலாம்" என்றான். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டான். தப்பிக்க வழியில்லை.

சொல்லிக்கொடுக்கும் பெண்ணுக்கு என் மகள் வயதிருக்கும், எனக்கு மகள் இருந்திருந்தால். விசில் மாதிரி குரல். இனி எனக்கும் தம்பிக்கும் அவள் பெயர் விசில். சைக்கிளில் ஏற்றிவிடவே அவளோடு இன்னொருத்தியும் வேண்டியிருந்தது. விளக்கை அணைத்தார்கள். பாட்டு காதைக் கிழித்தது. சைக்கிளின் நடுவில் ஒரு திருகு. வலது பக்கம் திருகினால் மேடு ஏறுவது போலக் கனக்கும், இடது பக்கம் திருகினால் லேசாகும். முன்னால் ஒரு கனத்த இரும்புச் சக்கரம். மூச்சு முட்டிப்போய்ச் சட்டென்று காலை நிறுத்தினேன். சக்கரம் நிற்கவில்லை. என் காலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு சுற்றியது. கத்திவிட்டேன். பாட்டுச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை, அது ஒன்றுதான் நல்லது.

விசில் ஓடிவந்து திருகை அழுத்தி நிறுத்தினாள். "திடீர்னு நிறுத்தக் கூடாது மேடம். குறைச்சுக் குறைச்சுத்தான் நிறுத்தணும்."

வெளியே வந்ததும் தம்பி கேட்டான், "எவ்வளவு தூரம் போன?"

"போன இடத்துலயேதான் இருந்தேன்."

"பரவாயில்ல. முதல் நாளே எதுலயும் இடிக்காம வந்தவங்களை நான் பார்த்ததில்ல."

மார்ச் 10, திங்கள்

உட்கார முடியவில்லை. உட்கார்ந்தே வேலை செய்கிறவளுக்கு உட்கார முடியவில்லை. இரண்டு தலையணை போட்டுத் தைத்தேன்.

மார்ச் 22, சனி

ஒரு தந்திரம் கண்டுபிடித்திருக்கிறேன். விசில் "ஒரு சுத்து ஏத்துங்க" என்றதும் எல்லோரோடும் சேர்ந்து வலது பக்கம் திருகுவேன். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் இடது பக்கம் திருகிவிடுவேன். கடைசி வரிசை, இருட்டு. யார் கண்டார்கள்? கால் மட்டும் காற்றாடியாகச் சுற்றுகிறது. பக்கத்தில் ஓட்டுகிற பெரியவர் "நல்ல வேகம்மா உங்களுக்கு" என்றார். வெட்கமாக இருந்தது.

முடிந்ததும் எல்லோரும் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடிக்கிறார்கள். நான் குடிப்பதில்லை. தம்பிக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளந்த தண்ணீர், ஒரு வாய் கூடினால் மூச்சு முட்டும். டயாலிசிஸ் ஆரம்பித்த நாளிலிருந்து அவன் முன்னால் நானும் குடிப்பதை விட்டுவிட்டேன். முதலில் வீட்டில் மட்டும். இப்போது வெளியிலும் தோன்றுவதே இல்லை. அவனுக்குத் தெரிந்தால் திட்டுவான், "உனக்கென்ன கேடு, குடிச்சுத் தொலை" என்று. அவன் உதடு காய்ந்து கிடக்கும்போது என் தொண்டையில் எப்படி இறங்கும்?

ஏப்ரல் 9, புதன்

பிடிபட்டேன். விசில் பின்னாலிருந்து வந்து என் திருகைத் தொட்டுப் பார்த்தாள். "மேடம், நீங்க இத்தனை நாளும் மேடே ஏறலையே. யாரை ஏமாத்துறீங்க?"

அழுகை வந்துவிட்டது. இந்த வயதில், இத்தனை ஒல்லிப் பெண்கள் நடுவில். எதற்காக வருகிறேன் என்று சொன்னேன். தம்பி, கிட்னி, எட்டு கிலோ எல்லாம். அவள் திருகிலிருந்து கையை எடுத்தாள். "முதல்லயே சொல்லியிருக்கலாமே மேடம். சரி, கொஞ்சம் கொஞ்சமா ஏத்தலாம். அவசரப்பட்டீங்கன்னா உடம்பு தாங்காது." அதிலிருந்து கிளாஸ் முடியும் வரை என் சைக்கிள் பக்கத்தில் வந்து வந்து நின்றாள்.

இதுவரை இரண்டு கிலோதான் குறைந்திருக்கிறது. யானைப் பசிக்குச் சோளப்பொரி.

ஏப்ரல் 24, வியாழன்

ஐந்து குறைந்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் போக வேண்டும். மூன்று கிலோ பாக்கி. ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டேன். நேற்று டயாலிசிஸ் முடிந்து தம்பியைக் கைத்தாங்கலாகத்தான் கூட்டிவந்தேன். வழியில் ஒரு ஜோக்கும் இல்லை.

ஏப்ரல் 26, சனி

விசில் ஊரில் இல்லை. வேறொரு ஆள் கிளாஸ் எடுத்தான். காலையில் ஒரு கிளாஸ், சாயங்காலம் இன்னொன்று. திருகை இறுக்கினேன். அவன் "சூப்பர் மேடம்! இன்னும்! இன்னும்!" என்றான். இன்னும் இறுக்கினேன். நாள் முழுக்கத் தண்ணீர் தொடவில்லை. தண்ணீரும் எடைதானே.

ஏப்ரல் 27, ஞாயிறு

இன்றும் இரண்டு. தொடை கல்லாகிவிட்டது. எடை பார்த்தேன், எட்டும் போயிருக்கிறது. எட்டும்! முட்டாள் மாதிரி கண்ணாடி முன்னால் நின்று சிரித்தேன்.

ஏப்ரல் 28, திங்கள்

படி இறங்க முடியவில்லை. கால் மடங்கவே மாட்டேன் என்கிறது. சிறுநீர் பால் விடாத டீ நிறத்தில் போகிறது. சூடு பிடித்திருக்கும் என்று நினைத்துத் தம்பியிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். அவன் சிரிக்கவில்லை. அவன் சிரிக்காததுதான் என்னைப் பயமுறுத்தியது. "செருப்பைப் போடு. கிளம்பு" என்றான்.

மே 2, வெள்ளி

ஆஸ்பத்திரிக் கட்டில். கையில் ஊசி, பாட்டில் பாட்டிலாக ஏறுகிறது. அதே டாக்டர். பழக்கமில்லாத உடம்பை இப்படி வதைத்தால் சதை உடைந்து ரத்தத்தில் கலக்குமாம். கலந்தது கிட்னியில் போய் அடைக்குமாம். தண்ணீரும் குடிக்காமல் இருந்தால் கேட்கவே வேண்டாமாம். "எந்தக் கிட்னியைக் கொடுக்கணும்னு வந்தீங்களோ அதையே கெடுத்து வச்சிருக்கீங்களேம்மா" என்றார். கோபமாகக் கூடச் சொல்லவில்லை.

முதலுக்கே மோசம்.

தம்பி டயாலிசிஸ் முடிந்து நேராக என் கட்டிலுக்கு வருகிறான். நோயாளியைப் பார்க்க நோயாளி. நான் தண்ணீர் குடிக்காத கதை டாக்டர் சொல்லி அவனுக்குத் தெரிந்துவிட்டது. இன்று என் கையில் தண்ணீர் டம்ளரைக் கொடுத்து, முழுக்கக் குடித்து முடிக்கும் வரை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். "ரெண்டு வருஷமா என் முன்னால குடிக்காம இருந்தியா நீ? லூசு. லூசு அக்கா." அவன் அழுது இன்றுதான் பார்த்தேன்.

மே 12, திங்கள்

வீட்டுக்கு வந்தாயிற்று. கிட்னி தேறிவிடும் என்கிறார்கள். ஆனால் ஆறு மாதம் கழித்துத்தான் கொடுக்கலாமா என்றே யோசிப்பார்களாம். ஆறு மாதம்! அவன் ஒவ்வொரு வாரத்தையும் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளுகிறான். ஒன்றுமே செய்யாமல் சும்மா குண்டாக இருந்திருந்தால்கூட இவ்வளவு கெடுத்திருக்க மாட்டேன்.

ஜூலை 7, திங்கள்

தைத்தேன். வந்தேன். எழுத ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

டாக்டர் அனுமதி கொடுத்த பிறகு மறுபடி கிளாஸ். விசில் என்னைக் கட்டிக்கொண்டாள். அன்று இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள்மேல் என்ன தப்பு? ஆழம் தெரியாமல் காலை விட்டது நான். இப்போது தண்ணீர் குடித்துக் காட்டினால்தான் ஏறவே விடுகிறாள்.

செப்டம்பர் 22, திங்கள்

தம்பி படுத்தால் மூச்சு வாங்குகிறது. உட்கார்ந்தபடியே தூங்குகிறான். ஆஸ்பத்திரியில் நெஞ்சை ஸ்கேன் எடுத்தார்கள். இதயம் வீங்கியிருக்கிறதாம். "பெரிய மனசு அக்கா எனக்கு, படத்துலயே தெரியுது பார்" என்றான். சிரித்தேன். சிரிக்காவிட்டால் வருத்தப்படுவான்.

நவம்பர் 3, திங்கள்

ரத்தம், சிறுநீர், பிரஷர், எடை எல்லாம் சரி. கிட்னி டாக்டரே ஆச்சரியப்பட்டார். "இந்த வயசுல இப்படி ஒரு கிட்னி கிடைக்கிறது கஷ்டம்மா. இதய டாக்டர் சரின்னு சொல்லிட்டா நாள் குறிச்சிடலாம்." பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். தம்பியிடம் இன்னும் சொல்லவில்லை. நாளை தேதியோடு சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாம்.

நவம்பர் 4, செவ்வாய்

இதய டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். தம்பியின் இதயம் இனி ஆபரேஷன் தாங்காது. மயக்க மருந்து கொடுத்தால் எழுந்திருக்க மாட்டான். மருந்தில் சரியாகுமா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினார். எவ்வளவு நாள் என்று கேட்டேன். ஒரு வருஷம் போனாலே பெரிது என்றார்.

"ஏப்ரல்லயே ஆபரேஷன் நடந்திருந்தா?"

"அப்படியெல்லாம் பார்க்கக் கூடாதும்மா."

பார்க்கக் கூடாது என்றால், பார்த்தால் தெரியும் என்றுதானே அர்த்தம்? கைக்கு எட்டியதைத் தட்டிவிட்டவள் நான். இந்தக் காலால். இந்த இரண்டு காலால்.

"அவர்கிட்ட நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?" என்றார். நான் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

தம்பி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். தலை வாரி, வெளுத்த சட்டை போட்டு வந்திருந்தான், இன்று நாள் குறிப்பார்கள் என்று. "என்ன சொன்னார்? உன் டெஸ்ட் என்னாச்சு?"

எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. "உன் நெஞ்சு மருந்துல சமாளிச்சுக்குமாம். எனக்குத்தான் சர்க்கரை எட்டிப் பார்க்குதாம். விடாம சைக்கிள் ஓட்டினா ஆறு மாசத்துல இறங்கிடுமாம். அதுக்கப்புறம்தான்."

அவன் முகம் விழுந்தது. "உன்னை நம்பி…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். என்னைத் திட்டட்டும். இன்னும் நாலு வார்த்தை திட்டட்டும். தன் நெஞ்சை நினைத்து ஒரு நாள்கூட அவன் உட்கார்ந்திருக்க வேண்டாம். பஸ் ஸ்டாப் வந்ததும் அவனே என் பையை வாங்கிக்கொண்டான்.

"ஆறு மாசம்தானே. நான் எங்க போயிடப் போறேன்."

நவம்பர் 6, வியாழன்

செய்தது சரியா? யாரைக் கேட்பது? அவனுக்குத் தெரிய வேண்டாமா? தெரிந்து என்ன செய்வான்? எனக்கே தெரியவில்லை. வாய் திறக்கப் போகிறேன், திரும்ப மூடிக்கொள்கிறேன்.

நவம்பர் 28, வெள்ளி

காலையில் அவன்தான் எழுப்பினான். "அக்கா, மணியாச்சு. விசில் காத்துக்கிட்டிருக்கும்." இப்போதெல்லாம் அவன்தான் அலாரம். டீயில் சர்க்கரை போட விடுவதில்லை. கிளாஸ் முடிந்து வந்ததும் எத்தனை சுற்று ஏற்றினாய் என்று கேட்கிறான், குறைவாகச் சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறான். எதற்கோ நாளை எண்ணுகிறவன் போல ஒரு தெம்பு வந்திருக்கிறது. நேற்று, ஆபரேஷன் முடிந்ததும் டிரைவிங் ஸ்கூலில் மறுபடி கேட்டுப் பார்க்க வேண்டும் என்றான்.

விசிலிடம் இன்று உண்மையைச் சொல்லிவிட்டேன். நான் ஏறி உட்கார்ந்ததும் விளக்கை அணைத்துவிட்டாள்.

வாரம் நான்கு நாள் போகிறேன். போகாமல் இருந்தால் அவனுக்குத் தெரிந்துவிடும்.