ஆறாவது சுற்றில் நின்ற மெட்டு

18, சனி

காலையில் கடும் பனி. விழுப்புரம் ஸ்டேஷனில் எதிர் நடைமேடை கூடத் தெரியவில்லை. அக்கார்டியன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு திண்டிவனம். இடது தோளில் வலி.

ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் பொங்கல் விழா. வாசித்தது வழக்கம்போல் மூவர்: நான், வயலினுக்கு மேரி டீச்சர், டிரம்முக்கு விக்கிரவாண்டி கபாலி. ஆடியது ஸ்காட்லாந்து நடனம். உடற்பயிற்சி ஆசிரியை ஸ்டெல்லா பயிற்சிக் கல்லூரியில் கற்றதை இப்போது எங்கள் வயதுக்காரர்களுக்கெல்லாம் சொல்லித் தருகிறார்.

நடந்ததை ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

நான்கு ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியும் முன்னால் வந்து இரண்டு சுற்று ஆடும். ஆக எட்டுச் சுற்று. சுற்றுக்குச் சுற்று மெட்டை மாற்றுவோம். கடைசிச் சுற்றுக்கு மட்டும் முதல் மெட்டுக்குத் திரும்புவோம். அது காதில் விழுந்தால் ஆடுகிறவர்களுக்கும் தெரியும், கபாலிக்கும் தெரியும்: இதோடு முடிந்தது.

நான் ஆறாவது சுற்றிலேயே திரும்பிவிட்டேன்.

நான்காவது ஜோடி கமலா டீச்சரும் அவர் கணவர் ஏழுமலையும். பஸ் டிரைவராக இருந்தவர். இரண்டு வருடம் முன்பு பக்கவாதம். வலது கால் இன்னும் இழுக்கிறது. இந்த இரண்டு சுற்றுக்காக நான்கு மாதம் பழகினார். மெட்டு நின்றபோது முன்னிடத்துக்கு நகர்ந்து, சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார்.

ஒரே கைத்தட்டல். ஸ்டெல்லா மைக்கில்: "ஏழுமலை அண்ணனுக்கு முடியாதுன்னு பாத்து சார் சுருக்கமா முடிச்சிட்டாரு. இன்னா மனசு பாருங்க!"

நான் சிரித்தேன். மறுக்கவில்லை.

19, ஞாயிறு

சர்க்கரை மாத்திரை தீரப்போகிறது. மல்லாட்டைக் கடலை வேகவைத்தேன், உப்பு அதிகம்.

கபாலி போனில்: "இன்னா சார், ஆறுலயே மொத மெட்டுக்கு வந்துட்டீங்க? கணக்கு வாத்தியாருக்கே எட்டு எண்ணத் தெர்லயான்னு நெனச்சிக்கினே நானும் டிரம்ம முடிச்சிட்டேன்."

"ஏழுமலைக்காகத்தான்" என்றேன்.

"அப்டியா? அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

இரண்டாவது பொய். நேற்று பேசாமல் சொன்னது, இன்று வாய்விட்டுச் சொன்னது.

உண்மை இது. ஐந்தாவது சுற்று முடியும்போது முன்வரிசை அம்மா ஒருவர் செல்போனைத் தூக்கிப் படம் எடுத்தார். படத்தில் நன்றாக விழவேண்டும் என்று தோன்றியது; முதல் மெட்டுதான் எனக்கு நன்றாக வரும். விரல் அங்கே போய்விட்டது. ஏழுமலையை நான் பார்க்கவே இல்லை. அவர் அங்கே இருப்பதே நினைவில் இல்லை.

வகுப்பில் பெயர் கூப்பிடும்போது கடைசிப் பெயருக்கு முன் ஏட்டை மூடினால் அந்தப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்? நான் அதைவிட மோசம். மூடிவிட்டு, "உனக்கு உடம்பு சரியில்லையே என்றுதான்" என்றும் சொல்லியிருக்கிறேன்.

20, திங்கள்

கரண்ட் இல்லை. துணி ஊறிக் கிடக்கிறது.

கமலா டீச்சர் போன். நன்றி சொல்லத்தான். பிறகு குரலைத் தணித்து: "சனிக்கெழமையிலேர்ந்து இவரு நடக்கவே மாட்டேங்குறாரு சார். காலைல வாக்கிங் போலாம்னா, 'ஊரே பாத்து முடியாதுன்னு சொல்லிடுச்சி, இன்னும் எதுக்கு'ன்றாரு. டாக்டரு நடக்காம உக்காந்தா கால் மடங்கிடும்னாரு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க சார்."

வருகிறேன் என்றேன். என்ன வார்த்தை என்று அவருக்குத் தெரியாது.

21, செவ்வாய்

போகவில்லை. தலைவலி என்று சொல்லிக்கொண்டேன். தலைவலி இல்லை.

22, புதன்

நடனப் பயிற்சி நாள். பெட்டியோடு நேராக ஏழுமலை வீட்டுக்கு.

நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மூன்று நாள் தாடி. "வா வாத்தியாரே. எரக்கப்பட்டவரு வந்துக்கிறாரு, காபி போடு கமலா."

நின்றபடியே சொல்லிவிட்டேன். செல்போன், விரல், மேடையில் சிரித்தது, கபாலியிடம் சொன்னது, எல்லாம்.

கமலா டீச்சர் டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். ஏழுமலை என்னையே பார்த்தார்.

"அப்ப எனுக்கு முடியாதுன்னு நீ நிறுத்தல?"

"இல்லை."

"என்ன நீ பாக்கவே இல்ல?"

"பார்க்கவில்லை. அதுதான் என் தப்பு."

"அடப்பாவி! நாலு நாளா சரியா சோறு எறங்கலய்யா எனுக்கு. போட்டோவுக்குப் பல்ல காட்டவா என் டர்ன முழுங்குன?" கையில் இருந்த துண்டை என்மேல் வீசினார். "முப்பது வருசம் பஸ் ஓட்டுனேன். ஒருத்தன எறக்கவேண்டிய எடத்துக்கு முன்னாடி எறக்கி வுட்டதில்ல."

கிளம்பப் பெட்டியைத் தூக்கினேன்.

"எங்க ஓடுற? தொற அத. கமலா, வா இப்டி."

மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகளை மற்ற மூன்று ஜோடிகளாக வரிசை வைத்தார். முதல் சுற்று நன்றாகவே போனது. காலை இழுத்தாலும் திருப்பங்களை விடவில்லை. இரண்டாவதில் பின்தங்கினார். வியர்வை. கமலா டீச்சர் அவர் தோளுக்கு மேலே என்னைப் பார்த்து, போதும் என்று கையைக் காட்டினார்.

ஏழுமலை அதைப் பார்த்துவிட்டார். "நிறுத்துன, தொலச்சிடுவேன்."

மெட்டு முடிந்துவிட்டது. அவர் இன்னும் இரண்டாவது நாற்காலிப் பக்கம்தான். மெட்டின் பின்பாதியை இன்னொரு முறை வாசித்தேன். அதற்குப் பிறகும் ஒரு முறை.